இரட்டை ஆறும் வெற்று இரண்டும்

ஸ்பானிஷ் பேசும் தீவொன்றின் கடலோர ஊரான நாகுவாவில் கரண்ட் போனால் நெரெய்தாவின் பார்லர் தெருவுக்கு வந்துவிடும். டிரையர் ஓடாதபோது உள்ளே உட்கார்ந்து வேகுவதில் அர்த்தமில்லை. தலை முழுக்க ரோலர் சுற்றி, மேலே வலை கட்டிய பெண்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிரே இருக்கும் வாதாமரத்தடிக்குப் போவார்கள். பாதி வேலையைக் கடல் காற்று முடித்துக்கொடுக்கும். மரத்தடியில் ஆண்களின் டொமினோ மேசை ஏற்கெனவே போட்டிருக்கும்.

உட்கார்ந்ததும் பெண்களுக்கு ஒரு வேலை இருந்தது. நெரெய்தாவின் மகள் யாரிமெல்லைக் கூப்பிட்டு எண்ணச் சொல்வது. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தெருவே சேர்ந்து ஒரு குழந்தையைக் கரையேற்றப் பார்த்தது, அவ்வளவுதான். ஒருத்தி தேங்காய் மிட்டாயைக் காட்டுவாள். இன்னொருத்தி கைதட்டித் தாளம் போடுவாள். யாரிமெல் ஒன்றிலிருந்து பத்து வரை நிதானமாக வருவாள். பதினொன்று கொஞ்சம் தயங்கி வரும். அதற்கப்புறம் தரை வழுக்கும். பதினான்கு வரும், பிறகு பன்னிரண்டு வரும், ஒரு தடவை வெள்ளிக்கிழமைகூட வந்தது. சிரிக்காமல் இருக்கப் பெண்கள் படாதபாடு படுவார்கள். நெரெய்தா பார்லருக்குள் போய் எதையோ தேடுகிறவள் மாதிரி நிற்பாள்.

யாரிமெல்லுக்கு எட்டு வயது. ஒன்றாம் வகுப்பில் இது இரண்டாவது வருடம். நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டதால் வகுப்பில் இருக்கும் வாண்டுகள் அவளை "டீச்சர்" என்று கூப்பிட்டுக் கேலி செய்தன. வரும் செவ்வாய்க்கிழமை தலைமை ஆசிரியை மிர்த்தா அவளைத் தன் அறைக்கு அழைத்து எண்ணச் சொல்லப்போகிறார். இருபது வரை எண்ணினால் இரண்டாம் வகுப்பு. இல்லையென்றால் மூன்றாவது முறையாக அதே பெஞ்சு. மிர்த்தா கொடுமைக்காரி இல்லை. எண்ணவே வராத குழந்தையை மேல் வகுப்பில் உட்காரவைத்தால் அது இன்னும் அவமானப்படும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அதை நெரெய்தாவின் தோளைத் தொட்டு, மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் நெரெய்தாவுக்கு அதிகமாக வலித்தது.

அதே தீவில் இருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோ என்ற நகரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் குளோரிபெல் என்ற பெண்ணிடம் யாரிமெல்லைக் காட்டியிருந்தார்கள். வளர்ச்சி சார்ந்த மொழிக் குறைபாடு என்று அவள் அதற்குப் பெயர் சொன்னாள். குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறது, புத்தியிலும் குறை இல்லை. சொற்கள்தான் அவளிடம் தங்க மறுக்கின்றன, தங்கினாலும் வரிசையில் நிற்க மறுக்கின்றன. நீளமான வாக்கியம் அவளுக்கு நிற்காமல் போகும் பஸ் மாதிரி. வந்தது தெரியும், உள்ளே யார் இருந்தார்கள் என்று தெரியாது.

எண்ணுவது என்பது பார்க்க ஒரே வேலை போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன என்று குளோரிபெல் விளக்கினாள். எண்களின் பெயரை வரிசை மாறாமல் சொல்வது ஒன்று. அது பாட்டு ஒப்பிப்பது மாதிரி, கிளிகூடச் செய்துவிடும். எதையும் விட்டுவிடாமல், எதையும் இரண்டு தடவை தொடாமல், பொருளுக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டே போவது அடுத்த வேலை. கடைசியாக வாயில் வந்து நின்ற பெயர்தான் மொத்தக் கூட்டத்தின் அளவு என்று புரிந்துகொள்வது மூன்றாவது. இதைச் சொல்லிவிட்டு அவள் பொத்தான்களை இரண்டு குவியலாகப் போட்டு, வாயே திறக்காமல், எதில் அதிகம் என்று கையால் கேட்டாள். ஒரு குவியலை மூடிவைத்து, அதிலிருந்து சிலவற்றை யாரிமெல் பார்க்க எடுத்து, மூடியின் கீழே மிச்சம் எத்தனை என்று விரலைக் காட்டச் சொன்னாள். குழந்தை ஒரு இடத்திலும் தவறவில்லை. உடைந்திருப்பது முதல் வேலை மட்டும்தான், மற்ற இரண்டும் கெட்டியாக இருக்கின்றன என்றாள் குளோரிபெல்.

ஸ்பானிஷ் மொழியும் இந்த விஷயத்தில் குழந்தைக்குக் கைகொடுப்பதில்லை. தமிழில் பதினொன்று என்ற சொல்லைப் பிரித்தால் உள்ளே பத்தும் ஒன்றும் உட்கார்ந்திருக்கும். ஸ்பானிஷில் ஓன்சே, தோசே, த்ரேசே, கத்தோர்சே, கின்சே என்று ஐந்து பெயர்கள் வரும். உள்ளே எட்டிப் பார்த்தால் பத்து கண்ணில் படாது. பதினாறுக்குப் போன பிறகுதான் 'பத்தும் ஆறும்' என்று விளக்கு எரியும். மற்ற குழந்தைகள் பாட்டின் வேகத்தில் அந்த ஐந்து இருட்டு அறைகளையும் ஓடிக் கடந்துவிடுவார்கள். சொல் ஒட்டாத குழந்தை அங்கேதான் முட்டிக்கொள்ளும்.

நெரெய்தா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் மனதுக்குள், பாவம் நம்மைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டாள். கிளினிக் அறைக்குள் பொத்தானை வைத்து நடந்தது மிர்த்தாவிடம் செல்லுபடியாகுமா? அவருக்கு வேண்டியது வாயால் இருபது. ஆகவே வாழைக்காய் மசிக்கும்போது, துணி காயப்போடும்போது, ரோலர் சுற்றும்போது என்று எந்நேரமும் "பன்னெண்டு சொல்லு கண்ணு, பதிமூணு சொல்லு" என்று மகளின் பின்னாலேயே நடந்தாள்.

அவள் கவனிக்காத ஒன்று வீட்டுத் தரையில் நடந்துகொண்டிருந்தது. அப்பா ராதமேஸ் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றி ஓட்டுகிறவன். சவாரி இல்லாத மதியங்களில் அவனுடைய டொமினோ பெட்டி மகள் கைக்கு வந்துவிடும். ஒவ்வொரு காயிலும் இரண்டு பக்கம், பக்கத்துக்கு வெற்று முதல் ஆறு வரை புள்ளிகள். அவள் காய்களைத் தரையில் படிக்கட்டாக அடுக்குவாள். முதல் வரிசையில் வெற்றுப் பக்கம் உள்ள காய்கள் எல்லாம், ஏழு. அதன் கீழே ஒரு புள்ளிக்காரர்களில் மிச்சம் இருப்பவை, ஆறு. அதற்கும் கீழே ஐந்து. இப்படியே குறைந்துகொண்டு போய் கடைசியில் இரட்டை ஆறு மட்டும் தனியாக நிற்கும். டொமினோவின் அழகே இந்தப் படிக்கட்டில்தான் இருக்கிறது. எந்த எண்ணை எடுத்தாலும் அதன் காய்கள் தன் வரிசையில் கொஞ்சமும் மேல் வரிசைகளில் மீதியுமாகச் சிதறியிருக்கும். ஆனால் கூட்டிப் பார்த்தால் எப்போதும் ஏழுதான். நல்ல ஆட்டக்காரன் என்றால் இந்த ஏழு என்ற கணக்கை மறக்காதவன் என்று பொருள். நெரெய்தா அந்தப் படிக்கட்டைப் பலமுறை பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, "எடுத்து வை, தரை துடைக்கணும்" என்று சொல்லியிருக்கிறாள்.

செவ்வாய்க்கு முந்தைய சனிக்கிழமை மதியம் கரண்ட் போனது. ரோலர் தலைகள் மரத்தடிக்கு நகர்ந்தன. மேசையில் ராதமேஸும் அவன் தம்பி ஃபேலிக்ஸும் ஒரு ஜோடி. எதிர் ஜோடி எலிஹியோவும் மளிகைக்கடை நீனோவும். எலிஹியோ தலைநகர் பஸ்ஸை ஓட்டி ஓய்வு பெற்றவர், யாரிமெல்லின் ஞானத்தந்தை. பெற்றவனும் ஞானத்தந்தையும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் அழைப்பார்கள். எவ்வளவு சண்டை வந்தாலும் அந்த மரியாதை மட்டும் குறையாது, திட்டுவதுகூட 'நீங்க' போட்டுத்தான்.

டொமினோ ஆடும்போது காயைப் பற்றிப் பேசக்கூடாது. இருமினால்கூட சந்தேகம், காதைச் சொறிந்தால் பெரிய குற்றம். ஜோடிக்காரனுக்குச் சாடை காட்டினான் என்று பெயர் வாங்கியவன் அடுத்த தெருவில்தான் போய் ஆட வேண்டும். யாரிமெல் அந்த மேசையைச் சுற்றி வருவதற்கு மட்டும் யாரும் தடை சொன்னதில்லை. பேச்சு வராத பிள்ளை, அது என்ன சாடை காட்டிவிடப் போகிறது என்பது அவர்கள் எண்ணம்.

ஆட்டம் முடியும் தறுவாயில் ராதமேஸ் கையில் இரண்டே காய்கள். ஒன்றில் நான்கும் இரண்டும், மற்றதில் இரண்டும் வெற்றும். எண்ணோடு எண் ஒட்டவைத்து அடுக்கிய காய்கள் மேசையில் பாம்பாக ஓடின, அந்தப் பாம்பின் ஒரு முனையில் நான்கு, மறுமுனையில் இரண்டு. நான்கு-இரண்டை அந்த இரண்டோடு சேர்த்துப் போட்டால் இரண்டு முனைகளும் நான்காகிவிடும். வெளியில் இன்னொரு நான்கு இருந்தால் எதிராளி அதைப் போட்டுத் தப்பித்துவிடுவான். ஏழு நான்கும் தீர்ந்திருந்தால் யாராலும் காய் போட முடியாமல் ஆட்டம் பூட்டிக்கொள்ளும். பிறகு யார் கையில் புள்ளி குறைவோ அவர்களுக்கு வெற்றி. ராதமேஸ் இன்னொரு நான்கு வெளியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு-வெற்றை எடுத்தான். நீனோவின் முதுகுப் பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு வந்த யாரிமெல் அப்பாவின் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். இன்னொரு கையால் நான்கு-இரண்டைத் தொட்டாள்.

அவன் விளையாட்டாகவே அதைப் போட்டான். ஆட்டம் பூட்டிக்கொண்டது.

எலிஹியோ தன் காய்களை ஒவ்வொன்றாக மல்லாத்தினார். ராதமேஸ் ஜோடிக்குத்தான் புள்ளி குறைவு. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"கொம்பாத்ரே, நான் இத்தனை வருஷம் பஸ் ஓட்டினவன். ரோட்டப் பாத்துதான் ஓட்டினேன். நீங்க கண்ணாடியில அடுத்தவன் வண்டியப் பாத்து ஓட்டறீங்க."

"என்ன சொல்றீங்க கொம்பாத்ரே?"

"என் ஞானமகள என் முதுகுக்குப் பின்னாடி வேவு பாக்க அனுப்பறீங்கன்னு சொல்றேன். வாயில்லாத பிள்ளைய இதுக்கா பழக்குவீங்க?"

ராதமேஸின் முகம் சிவந்தது. ஃபேலிக்ஸ் மேசையைத் தட்டினான். ரோலர் தலைகள் ஒன்றோடொன்று முணுமுணுத்தன. நெரெய்தா சீப்பும் கையுமாக ஓடிவந்தாள். மகள் மேல் விழுந்த பழியைக் கேட்டதும் அவளுக்கு எரிச்சல் மூண்டது. அந்த எரிச்சலுக்கு நடுவில் வேறொன்றும் தோன்றியது. வேவு பார்த்திருந்தாலும், என்ன பார்க்க வேண்டும் என்று அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டுமே? மற்ற மூன்று கைகளிலும் ஒரு நான்குகூட இல்லை என்பதைப் பார்த்து, அதனால் எந்தக் காயைப் போட வேண்டும் என்று முடிவெடுத்ததே, அது என்ன?

"கொம்பாத்ரே," என்றாள் அவள், "அவள மரத்துல முதுகு ஒட்டி உக்கார வைக்கறேன். அங்கேருந்து யார் கையும் தெரியாது, மேசை மட்டும்தான் தெரியும். ஆடுங்க. அதுக்கப்புறம் நீங்களே கேளுங்க."

எலிஹியோவே போய் உட்கார்ந்து பார்த்தார். குனிந்து பார்த்தார், எட்டிப் பார்த்தார், யார் கையும் தெரியவில்லை. சரி என்றார். யாரிமெல்லை பீர் பாட்டில் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார வைத்தார்கள். காய்கள் கலைக்கப்பட்டன. பெண்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். இப்போது கரண்ட் வந்தால்கூட எவளும் உள்ளே போயிருக்க மாட்டாள்.

ஆட்டம் பாதிக்கு மேல் போனதும் எலிஹியோ கையை உயர்த்தி நிறுத்தினார். பாம்பின் ஒரு முனையில் ஐந்து இருந்தது. "பாப்பா, மேசை மேல கெடக்கறதத் தள்ளிட்டு, எங்க நாலு பேர் கையிலயும் சேத்து இன்னும் எத்தன அஞ்சு பாக்கின்னு சொல்லு பாக்கலாம்."

யாரிமெல் அவரைப் பார்த்தாள். அந்த பஸ் நிற்காமல் போய்விட்டது. பெண்களில் ஒருத்தி உச்சுக்கொட்டினாள்.

நெரெய்தாவுக்குக் குளோரிபெல்லின் அறை நினைவுக்கு வந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. முனையில் இருந்த ஐந்தைத் தொட்டாள். நான்கு பேர் முன்னாலும் நின்றிருந்த காய்களின் முதுகை ஒவ்வொன்றாகச் சுட்டினாள். பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

யாரிமெல்லின் கண்கள் பாம்பின் மேல் ஒருமுறைகூட ஊர்ந்து போகவில்லை. விழுந்த காய் ஒவ்வொன்றையும் விழும்போதே பார்த்து வைத்திருந்தாள். இரண்டு விரல்களைக் காட்டினாள்.

எல்லோரும் காய்களை மல்லாத்தினார்கள். நீனோவிடம் ஓர் ஐந்து. இன்னொன்று எலிஹியோவின் கையிலேயே இருந்தது.

தற்செயல் என்றார் அவர். அடுத்த ஆட்டத்தில் அவர் வேண்டுமென்றே வெற்றைக் கேட்டார். புள்ளியே இல்லாத பக்கத்தைக் குழந்தை என்ன செய்துவிடும் என்று பார்க்க நினைத்தார் போலிருக்கிறது. யாரிமெல் நான்கு விரல் காட்டினாள். நான்கு வெற்று வெளியே வந்தன. அப்போது மரத்தடியில் ஒரு சத்தம் எழுந்தது. எலிஹியோ அதை லட்சியம் செய்யாமல் மூன்றாவது ஆட்டத்துக்குக் காய்களைக் கலைத்தார். இந்தத் தடவை கிட்டத்தட்ட கடைசிவரை விட்டுப் பிடித்து, மூன்றைத் தொட்டுக் காட்டினார். வாயால் கேட்கக்கூடாது என்று அவரும் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தார்.

யாரிமெல் கை முஷ்டியை மடக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கோவம் வந்துருச்சு பிள்ளைக்கு," என்றாள் ஒருத்தி. "விட்டுடுங்க எலிஹியோ ஐயா, அழுதுடப் போறா," என்றாள் இன்னொருத்தி. நெரெய்தாவும் மகளைத் தூக்கத்தான் போனாள். போனவள் நின்றாள். அந்த முகத்தில் கோபமே இல்லை. விடை சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருக்கும் முகம் அது.

"காயத் திருப்புங்க," என்றாள் நெரெய்தா.

திருப்பினார்கள். ஒருவர் கையிலும் மூன்று இல்லை. ஏழும் மேசையில் கிடந்தன. மடக்கிய கைக்குள் ஒரு விரலும் வெளியே இல்லை, மிச்சம் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததற்கும் ஓர் அளவு உண்டு என்று அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருந்தது. அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. தரையில் அடுக்கிய படிக்கட்டிலிருந்து அவளே எடுத்துக்கொண்டது.

எலிஹியோ தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். யாரிமெல்லைப் பார்த்தார், பிறகு ராதமேஸைப் பார்த்தார். "நீங்க ஏமாத்தல கொம்பாத்ரே. உங்களுக்கு அவ்வளவு மூளை கிடையாது," என்றார். ராதமேஸ் உட்பட மரத்தடியே சிரித்தது. நெரெய்தா சிரிக்கவில்லை. குனிந்து மகளின் மடங்கிய முஷ்டியில் முத்தம் கொடுத்தாள். குளோரிபெல் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. இருந்ததைத்தான் சொல்லியிருக்கிறாள்.

அன்று மாலையே அவள் குளோரிபெல்லுக்கு போன் போட்டாள். பேச்சு நீண்டது. செவ்வாய்க்கிழமை காலை யாரிமெல்லுக்குத் தலைவாரி நான்கு பின்னல் போட்டு, பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டு, டொமினோ பெட்டியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ராதமேஸ் இருவரையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டான்.

மிர்த்தா மேசைமேல் பாட்டில் மூடிகளைக் கொட்டி, அதிலிருந்து முதலில் ஒரு சிறு கூட்டத்தைப் பிரித்து எண்ணச் சொன்னார். யாரிமெல் தொடங்கினாள். ஒவ்வொரு மூடியையும் விரலால் தொட்டு ஒதுக்கிக்கொண்டே போனாள். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் இரண்டு முறை தொடவில்லை. பத்து வரை சரியாக வந்தது. பதினொன்றும் வந்தது. அடுத்து பதினான்கு என்றாள், பதினைந்து என்றாள், கடைசி மூடியைத் தொட்டுப் பதினாறு என்று முடித்தாள். இருந்தவை பதினான்கு. பன்னிரண்டும் பதிமூன்றும் வழக்கம்போல இருட்டறையில் தங்கிவிட்டன.

மிர்த்தா பெருமூச்சு விட்டார். நெரெய்தா கைப்பையைத் திறந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். மிர்த்தாவின் புருவம் ஏறியது.

"பள்ளிக்கூடத்துல டொமினோவா? அது ஆம்பளைங்க பீர் குடிச்சுக்கிட்டு ஆடறது நெரெய்தா."

"பீர் கொண்டு வரல டீச்சர். காய் மட்டும்தான் கொண்டு வந்திருக்கேன்."

அவள் காய்களை மல்லாத்திப் பரப்பினாள். மூடிகளின் கூட்டத்தைச் சுட்டினாள், காய்களைச் சுட்டினாள், உள்ளங்கையை விரித்தாள். யாரிமெல் முதலில் இரட்டை ஆறை எடுத்து மூடிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். கொஞ்சம் தேடினாள். ஓரத்தில் கிடந்த வெற்று-இரண்டை எடுத்து அதனருகில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

மிர்த்தா குனிந்து பார்த்தார். ஆறு, ஆறு, இரண்டு. அவர் உதடுகள் கூட்டுவது நெரெய்தாவுக்குத் தெரிந்தது. அப்புறம் நல்ல ஆசிரியர்கள் செய்வதை அவர் செய்தார், சந்தேகப்பட்டார். மூன்று மூடிகளை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, மறுபடி காய்களைக் காட்டினார். யாரிமெல் இரட்டை ஆறையும் வெற்று-இரண்டையும் அவற்றின் இடத்திலேயே திரும்ப வைத்தாள். ஆறு-ஐந்தை மட்டும் எடுத்து வைத்தாள். பதினொன்று. ஒரே காயில் வேலை முடிந்தது.

மிர்த்தா நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்போது அவருக்கே ஆசை வந்துவிட்டது. ஐந்து-நான்கையும் இரட்டை மூன்றையும் எடுத்து வைத்து, மூடிக் குவியலைக் காட்டினார். யாரிமெல் குவியலிலிருந்து மூடிகளை நகர்த்தினாள். ஐந்து, நான்கு, மூன்று, மூன்று என்று கொத்துக் கொத்தாக, காய்களில் புள்ளிகள் இருந்தபடியே அடுக்கினாள். மிர்த்தா அவற்றை ஒன்று, இரண்டு என்று பதினைந்து வரை வாய்விட்டு எண்ணினார். அவர் எண்ணி முடிக்கும் வரை யாரிமெல் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"இவளுக்குத் தொகை தெரியுது," என்றார் மிர்த்தா கடைசியில். அவர் குரலில் இருந்தது தோல்வி இல்லை, புதிதாக ஒன்றைப் பிரித்துப் பார்த்தவரின் சந்தோஷம். "பேருதான் தெரியல."

"பேரும் வேணும் டீச்சர். வேணாம்னு நான் சொல்லல. அத ரெண்டாங் கிளாஸ்ல உக்காந்து கத்துக்கட்டும். தெரிஞ்ச கணக்க விட்டுட்டு, பேருக்காக ஒண்ணாங் கிளாஸ்லயே ஏன் நிக்கணும்?"

இதைச் சொல்லி முடித்தபோது நெரெய்தாவுக்குத் தன் முதுகு நிமிர்ந்திருப்பது தெரிந்தது. இந்த அறைக்கு இதற்கு முன் வந்தபோதெல்லாம் அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கெஞ்சியிருக்கிறாள். இன்றைக்குக் கெஞ்சவில்லை. உள்ளதைக் காட்டிவிட்டு உரியதைக் கேட்டாள்.

மிர்த்தா வெகுநேரம் யோசிக்கவில்லை. இரண்டாம் வகுப்பு ஆசிரியையிடம் குளோரிபெல் ஒருநாள் வந்து பேச வேண்டும் என்றார். கேள்வியைச் சின்னதாகக் கேட்க வேண்டும், கையால் காட்ட வேண்டும், பதில் சொல்ல நேரம் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஆசிரியை கற்றுக்கொள்ளட்டும். அந்த ஐந்து முரட்டுப் பெயர்களைக் காய்களின் துணையோடு ஒவ்வொன்றாகப் பழக்கலாம். முதலில் பன்னிரண்டு. இரட்டை ஆறைக் காட்டினால் போதும், பெயர் வந்து ஒட்டிக்கொள்ள ஓர் இடம் இருக்கும். மிர்த்தா தானாகவே யோசித்து இதைச் சொன்னபோது நெரெய்தாவுக்கு அவர்மேல் இருந்த பழைய வருத்தம் கரைந்தது.

பெட்டியை மூடும்போது மிர்த்தா இரட்டை ஆறை எடுத்து யாரிமெல்லின் உள்ளங்கையில் வைத்து, அந்தப் பெயரை மெதுவாகச் சொன்னார். யாரிமெல் காயைப் பார்த்தாள், அவர் வாயைப் பார்த்தாள். "பன்னெண்டு," என்றாள். நாளைக்கு அது நழுவிப் போகலாம். நழுவினால் திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளலாம், அதற்குத்தான் காய் இருக்கிறதே.

வெளியே வாசலில் ராதமேஸ் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றிருந்தான். பக்கத்தில் எலிஹியோ. கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வாசனை பூசிக்கொண்டு வந்திருந்தார். சந்தைக்குப் போகிற வழியில் சும்மா நின்றதாகச் சொன்னார். சந்தை எதிர்த்திசையில் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

நெரெய்தா பேச வாயெடுத்தாள். எலிஹியோ கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். ஞானமகளின் முன்னால் முட்டி மடக்கி உட்கார்ந்தார். ஒரு சொல்லும் பேசாமல், மைதானத்தின் மூலையில் இருந்த ஒன்றாம் வகுப்புக் கதவைச் சுட்டினார். அவளைச் சுட்டினார். இன்னும் எத்தனை வருஷம் என்று உள்ளங்கையை விரித்தார்.

யாரிமெல் அந்தக் கதவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு கையை நன்றாக நீட்டி, முஷ்டியை இறுக்கி மடக்கிக் காட்டினாள்.